வெள்ளைக் குளியலறை

என் வீட்டுக்காரருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண் டாக்டருக்குத் தெரியும். இவருடைய தம்பிக்குத் தெரியும். சொட்டு மருந்து விற்கிற கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கு மட்டும் தெரியாது. தெரியாமல்தான் அந்தக் குளியலறையை இடித்துக் கட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், என்னைத் திட்ட நினைப்பவர்களுக்கு நேரம் போதாது.

இவர் அச்சகத்தில் மை கலக்குகிறவராக இருந்தார். ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டி, "இதே சிவப்பு வேணும்" என்று கேட்டால் போதும், நாலு டப்பாவைத் திறந்து, கரண்டியால் அள்ளி, கண்ணாடிப் பலகையில் தேய்த்து, அதே சிவப்பைக் கொண்டுவந்து நிறுத்துவார். அளவு, நிறுவை எதுவும் கிடையாது. அச்சகத்தில் இவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'கலர்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒருநாள் ஏதோ மருந்து டப்பாவுக்கு மை தப்பாகப் போய்விட்டது என்று முதலாளி சத்தம் போட்டாராம். மறுநாளே வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "அவன் கிடக்கான், புது மெஷின் வந்ததும் கண்ணு மண்ணு தெரியல அவனுக்கு" என்றார். நானும் நம்பினேன், முதலாளியை வாய் வலிக்கத் திட்டினேன். பாவம், அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் இப்போது அடுக்கிப் பார்த்தால், செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. நான் வீட்டில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது எப்போதும் இவர் வேலை. திடீரென்று ஒருநாள் கடையிலிருந்து நூல் கோர்க்கும் கம்பி ஒன்றை வாங்கிக் கொடுத்து, "இனிமே நீயே கோத்துக்கோ, நான் என்ன உனக்கு அசிஸ்டெண்டா?" என்றார். கொழுப்பு என்று நினைத்தேன். தெருவைக் கடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். "இந்த வயசுல என்ன கொஞ்சல், நாலு பேர் பாக்கறாங்க" என்று தட்டிவிடுவேன். முக்காலியில் இடித்துக்கொண்டால் முக்காலியைத் திட்டுவார், முக்காலியை அங்கே போட்ட என்னையும் சேர்த்துத் திட்டுவார். சட்டைக்குப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். கண்ணுக்கு மருந்து விடும்போது என்ன ஏது என்று கேட்டால், "வறட்சி" என்பார். வறட்சிக்கு இவ்வளவு விலையா என்றுதான் கேட்டேனே தவிர, ஒரு தடவை அந்தச் சீட்டை வாங்கி யாரிடமாவது காட்டியிருப்பேனா? மாட்டேன். எனக்கு வாய்தான் நீளம்.

இத்தனை தடுமாற்றத்திலும் இவர் தடுமாறாத இடம் ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் குளியலறை.

குளியலறை என்று பேர்தான். உள்ளே இரண்டு பேர் நின்றால், ஒருவர் மூச்சு விட மற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும். வாசலில் ஒரு படி கீழே இறங்கும். சிவப்புச் சிமெண்ட் தரை. இடுப்பு உயரத்துக்குக் கரும்பச்சை டைல்ஸ், அதில் பாதி விரிசல். மூலையில் ஒரு சிமெண்ட் தொட்டி, அதற்கு மேல் துருப்பிடித்த குழாய். கதவின் அடித்தகரம் அரித்துப்போய், குளிக்கிறவர் கால் வெளியே தெரியும். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோதே அது பழசு. கழிப்பறை தனியாகப் பக்கத்தில் இருந்தது, அது அதைவிடப் பழசு.

இவர் அதற்குள் போனால் முக்கால் மணி நேரம். விளக்கைப் போடவே மாட்டார். "கண்ணை மூடிக்கிட்டு சோப்பு போடறதுக்கு லைட் எதுக்குடி? கரண்ட்டை மிச்சம் பிடி" என்பார். கஞ்சன் என்று திட்டுவேன். உள்ளே போனதும் பாட்டு ஆரம்பமாகும். பழைய பாட்டு, ஆனால் வார்த்தை பாதி இவர் சொந்தமாகப் போட்டது. மாடி வீட்டுக்காரி படியிறங்கும்போது, "என்ன, உங்க வீட்டு ரேடியோ இன்னிக்கு லேட்டா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். குளித்து முடித்து, தலை வாரி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வருவார். அந்த ஒரு சமயம் மட்டும் அவர் எதிலும் இடித்துக்கொண்டதில்லை.

எனக்கோ அந்த அறையைக் கண்டாலே ஆகாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தையல் கூலியில் கொஞ்சம் சேர்த்திருந்தேன். முழு வீட்டுக்கும் அது காணாது, கழிப்பறைக்கும் சேர்த்துக் காணாது. குளியலறை மட்டும், அதுவும் பார்த்துப் பார்த்துச் செய்தால் முடியும் என்று மேஸ்திரி சொன்னார். குழாய் வேலை, கொத்து வேலை இரண்டையும் ஒரே ஆளாகச் செய்கிறவர். "பழைய டைல்ஸை உடைக்க வேணாம்க்கா. அதைக் கொத்திவிட்டு அது மேலயே புதுசை ஒட்டிடலாம். உடைக்கற கூலி, குப்பை அள்ளற கூலி ரெண்டும் மிச்சம். கதவும் புதுசு வேணாம், அடியை அறுத்துட்டு ஒரு பிளாஸ்டிக் ஷீட் அடிச்சுடறேன்." எனக்கு வாயெல்லாம் பல். இவரிடம் சொன்னபோதுதான் முகம் சுருங்கியது.

"அது பாட்டுக்கு இருக்கு. அதைப் போய் ஏன் நோண்டற?"

"பாட்டுக்கு இருக்கா? போன வாரம் அந்தத் தரையில நான் வழுக்கினது உங்களுக்குத் தெரியுமா?"

வழுக்கினேன் என்றதும் இறங்கி வந்தார். "சரி, செய். ஆனா குழாயும் தொட்டியும் இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்றார். "ஆமா, உங்க தொட்டியை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்றேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

டைல்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. பெரிய வீடுகளுக்கு விற்றது போக மிஞ்சினதை அங்கே அடுக்கி வைத்து அரை விலைக்குத் தருவார்கள். இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். கலர் விஷயத்தில் கலர்காரரைக் கேட்காமல் செய்ய முடியுமா? தரைக்கு இரண்டு வகைதான் எங்கள் அளவுக்குக் கிடைத்தது. ஒன்று காப்பி நிறம், மற்றது பால்வெள்ளை. எனக்குக் காப்பி நிறத்தில்தான் மனசு, அழுக்குத் தெரியாது.

இவர் கீழே குந்தி உட்கார்ந்து இரண்டையும் உள்ளங்கையால் தடவினார். நகத்தால் சுரண்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கடைக்காரர் அசந்துபோனார். "சார் விஷயம் தெரிஞ்சவரு. எல்லாரும் கண்ணால பாத்து எடுத்துட்டுப் போய் வீட்ல வழுக்கி விழுவாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்னே? இவர் யாருன்னு நினைச்சீங்க?" என்றேன்.

"இது சொரசொரப்பா இருக்கு, இதையே எடு" என்றார் இவர்.

"ஐயோ, அது வெள்ளைங்க. தினம் தேய்ச்சுத் தேய்ச்சு என் இடுப்பு ஒடிஞ்சிடும்."

"வெள்ளையா?" என்று கேட்டார்.

கையில் டைல்ஸைப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில், வெள்ளையா என்று கேட்டார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் என்ன செய்தேன் தெரியுமா? "பின்ன கறுப்பா? கலர்காரரே இப்படிக் கேட்டா நாடு என்னத்துக்கு ஆகும்?" என்று கடைக்காரர் முன்னால் கேலி செய்தேன். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கடைக்காரரும் சிரித்தார். அப்புறம் இவர் மெல்லச் சொன்னார்: "வெள்ளைன்னா நல்லதுதான். உள்ள வெளிச்சமா இருக்கும்ல?" வெளிச்சம் கூடினால் தெரியும் என்று நம்பியிருக்கிறார் அந்த மனுஷன். எதிரே நிற்பதைப் பின்னால் இருப்பதிலிருந்து பிரித்துப் பார்க்கும் சக்திதான் அவர் கண்ணில் குறைந்துகொண்டிருந்தது என்று டாக்டர் பின்னால் எனக்கு விளக்கினார். சிவப்புத் தரையில் வெள்ளை சோப்பு விழுந்தால் எடுத்துவிடுவார். வெள்ளையில் வெள்ளை விழுந்தால் அது போனது போனதுதான்.

இவர் தரைக்கு வெள்ளை என்றாரா, நான் ஒரு படி மேலே போனேன். சுவருக்கும் வெள்ளை எடுத்தேன். வாளி வெள்ளை, குவளை வெள்ளை, சோப்புப் பெட்டி வெள்ளை. பொருத்தம் பார்த்துப் பார்த்து வாங்கினேன், பாவி.

வேலை நடக்கும்போது தூசி ஆகாது என்று இவரைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மேஸ்திரி பழைய சுவரைக் கொத்த ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"என்னக்கா இது, சுவரெல்லாம் மரு முளைச்ச மாதிரி?"

பார்த்தேன். ஒழுகுகிற குழாயை அடைக்க இரண்டு உருண்டையைப் பிசைந்து வைப்பார்களே, அந்தப் பசை. கதவு நிலையில் தோள் உயரத்துக்கு ஒன்று, தொட்டிக்கு மேலே ஒன்று, குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று, சோப்பு வைக்கிற மாடத்தின் ஓரம் இரண்டு, துண்டு மாட்டும் ஆணிக்குக் கீழே ஒன்று. சுண்டைக்காய் அளவில், கல்லாக இறுகிக் கிடந்தன. தினமும் அதே அறையில்தான் நானும் குளிக்கிறேன், அவசரக் குளியல். ஒன்றிரண்டைப் பார்த்தும் இருக்கிறேன். இத்தனை இருக்கும் என்று தெரியாது.

"எங்க வீட்டுக்காரர் வேலை. ஒழுகுதுன்னு கண்ட இடத்துல அடைச்சு வச்சிருக்கார். தட்டி எடுத்துடுங்க."

மேஸ்திரி உளியை வைத்துக்கொண்டு யோசித்தார். "ஒழுகற இடத்துல ஒண்ணுகூட இல்லையேக்கா."

"அவர் மூளை அப்படி" என்றேன்.

தட்டித் தட்டி எடுத்தார். நான் பெருக்கி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் மேஸ்திரி இன்னொரு சேதியோடு வந்தார். சுவருக்குள் போகிற பழைய குழாய் இற்றுப்போயிருக்கிறதாம். அதே இடத்தில் குழாய் வேண்டுமென்றால் சுவரை முழுக்க உடைத்து மாற்ற வேண்டும். எதிர்ச்சுவரில் வைத்தால், மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் அந்தப் பக்கமே இறங்குவதால் இரண்டு முழக் குழாயோடு வேலை முடிந்துவிடும். சிமெண்ட் தொட்டியின் அடியும் விரிசல், அதை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகும். பள்ளமாக இருந்த தரையை மண் போட்டு நிரப்பினால் படியும் இருக்காது, தடுக்கவும் தடுக்காது. "நல்லதுதானேக்கா?" என்றார்.

நல்லதுதானே! எனக்கும் அப்படித்தான் பட்டது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று இவர் சொன்னது ஞாபகம் வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளினேன். கையில் இருந்த காசு அவ்வளவுதான். வந்து பார்த்தால் இவரே மெச்சுவார் என்று நினைத்தேன்.

தினமும் சாயங்காலம் இவர் தம்பி வீட்டிலிருந்து போன் செய்வார். சாப்பிட்டியா என்று கேட்கமாட்டார்.

"குழாய் எங்க வருது?"

"வந்து பாத்துக்குங்க."

"தொட்டி இருக்குல்ல?"

"எல்லாம் வந்து பாத்துக்குங்க. இப்பவே சொல்லிட்டா என்ன சுவாரசியம் இருக்கு?"

"இல்லடி, சும்மா சொல்லேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு."

"சொல்ல மாட்டேன்" என்று சிரித்தேன். அடுத்த நாளும் கேட்டார். அடுத்த நாளும் அதையே சொன்னேன். என்ன ஒரு குறும்பு எனக்கு, இந்த வயசில்! அன்றைக்கு நான் எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தால், வேண்டாம் நிறுத்து என்றிருப்பார். உண்மையும் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். சிமெண்ட் இன்னும் காயாத நேரம் அது.

இவர் வந்து சேர்ந்த காலையில் நான் புதுத்துணி உடுத்தியவள்போல நின்றேன். கதவைத் திறந்துவிட்டு, "போங்க, போய் முதல் குளியல் போடுங்க" என்றேன். வாசலில் நின்று பார்த்தார். அப்படித்தான் நான் நினைத்தேன், பார்க்கிறார் என்று. இறங்குவதற்காகக் காலைத் தாழ்த்தினார். படி இல்லாததால் பாதம் தரையில் தடாலென்று இடித்தது. "பாத்தீங்களா, படியே இல்ல!" என்று கைதட்டினேன்.

"அட, ஆமா" என்றார். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

நான் வெளியே காத்திருந்தேன், பாட்டு வரும் என்று. வரவில்லை. சுவரை உள்ளங்கையால் தட்டித் தடவுகிற சத்தம் வந்தது. தடவி ரசிக்கிறார் என்று நினைத்தேன். குவளை விழுந்தது. ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர் கொட்டும் சத்தம். வெளியே வந்தபோது காது மடலில் சோப்பு நுரை அப்படியே இருந்தது, முதுகு நனையவே இல்லை.

"எப்படி?"

"பிரமாதம். ராஜா வீட்டு பாத்ரூம் மாதிரி இருக்கு" என்றார். முகத்தைத் துண்டால் மூடித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் சளி என்று குளிக்கவில்லை. அதற்கு மறுநாள் குளித்தேன் என்றார், உடம்பில் ஈரமே இல்லை. பிறகு ஒருநாள் தைத்த துணியைக் கொடுக்கப் போய்விட்டுச் சீக்கிரம் திரும்பினேன். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இடுப்பில் துண்டோடு, வெட்டவெளியில் உட்கார்ந்து இவர் குளித்துக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல் ஒன்று அந்தப் பக்கம் பார்த்துத் திறந்திருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "ஏங்க, உங்களுக்கே நல்லாயிருக்கா? ராத்திரி பகல் பாக்காம மெஷினை மிதிச்சு, கால் வீங்கச் சேத்த காசு. உங்களுக்குன்னு கட்டி வச்சா, துவைக்கற கல்லுல உக்காந்து ஊருக்கே காட்சி குடுக்கறீங்களா? பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்றது! பிரமாதமாம், ராஜா வீடாம்! யாரை ஏமாத்தறீங்க?"

ஈரத்தோடு கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். குளியலறை வாசலில் நிறுத்தினேன். "சொல்லுங்க. என்ன குறைன்னு காட்டுங்க. இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவர் உள்ளே ஒரு அடி வைத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். நேர் எதிரே, ஒரு முழத் தூரத்தில், புதுக்குழாய் பளபளவென்று நின்றது. அவர் கை அதற்கு வலப்பக்கம் போனது, வெறும் சுவரைத் தொட்டது. கீழே இறங்கியது, மறுபடி மேலே வந்தது. தேடியது. கண் அகலத் திறந்திருந்தது.

"குழாய் எந்தப் பக்கம்னு சொல்லு" என்றார். "அதை மட்டும் சொன்னா போதும்."

அவர் கண்ணைப் பார்த்தேன், குழாயைப் பார்த்தேன்.

"எதிர்லதாங்க இருக்கு" என்றேன்.

"எதிர்லதான் எங்க?"

கையைப் பிடித்துக் குழாயில் வைத்தேன். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முதுகில் இருந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். அச்சகத்தை விடுவதற்கு முன்னாலிருந்தே என்றார். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார். ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தேன்.

"சொன்னா நீ குளிப்பாட்ட வந்துடுவ" என்றார். "வெளிய எங்க போனாலும் யாரையாவது பிடிச்சுக்க வேண்டியிருக்கு. உள்ள மட்டுந்தான் நான் நானா இருந்தேன். அது போறவரைக்கும் போகட்டும்னு பாத்தேன்."

அப்போதுதான் அந்த மருக்கள் என் புத்திக்கு வந்தன. கதவு நிலையில் ஒன்று, தொட்டிக்கு மேல் ஒன்று, மாடத்தின் ஓரம் இரண்டு. தொட்டுத் தொட்டுப் போவதற்கு அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட வழி அது. அந்த வழியைத்தான் நான் துடைப்பத்தால் பெருக்கி அள்ளியிருக்கிறேன்.

தம்பிக்குப் போன் செய்து எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. இங்க இருந்த நாள்லகூட ராத்திரி தூங்கல. குழாய் எங்க வைக்கறாளோ, குழாய் எங்க வைக்கறாளோன்னு அதே பேச்சு." அதைக் கேட்ட பிறகு யாரைத் திட்டுவது? போனை வைத்துவிட்டேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையை மட்டுமாவது காப்பி நிறத்துக்கு மாற்ற முடியுமா, குழாயைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று. சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "முடியும்க்கா. ஆனா போட்டது பூரா உடைக்கணும். முதல்ல ஆனதைவிட ஜாஸ்தி ஆகும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..." என்று இழுத்தார். கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி என் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். மெஷினை மறுபடி மிதித்து அவ்வளவு சேர்க்க எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. காசு சேர்வதற்கும் இவர் கண் போவதற்கும் போட்டி. எது முந்தும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

செய்ய முடிந்ததைச் செய்தேன். வெள்ளை வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு நீல வாளி, சிவப்புக் குவளை வாங்கினேன். சிவப்பு சோப்பு வாங்கினேன். குழாயைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டினேன், ஈரத்தில் இரண்டே நாளில் உரிந்து தொங்கியது. அப்புறம் அந்தப் பசையே ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். இரண்டு உருண்டையையும் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, இவரையும் உள்ளே கூட்டிப்போனேன். இரண்டு பேர் நின்றதும் அறை நிறைந்துவிட்டது.

"எங்க வைக்கணும், சொல்லுங்க. பழசுல இருந்த மாதிரியே வச்சுடலாம்."

அவர் கையைத் தூக்கினார். சுவருக்கு முன்னால் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே விட்டார்.

"அதெல்லாம் கண்ணு கொஞ்சம் நல்லா இருந்தப்போ வச்சதுடி. பாத்துப் பாத்து வச்சேன். வச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நடந்து பழகினேன். எத்தனை நாள் பழகினேன் தெரியுமா? விளக்கைக்கூடப் போடாம." சுவரைத் தடவினார். "இப்ப எங்கன்னு எனக்குத் தெரியல. நீயே பாத்து வை."

கரண்ட்டை மிச்சம் பிடி என்று அவர் சொன்னதும், நான் கஞ்சன் என்று திட்டியதும் காதில் கேட்டன. அவர் விரலைப் பிடித்து நான் நினைத்த இடங்களில் வைத்து வைத்து ஒட்டினேன். என் உயரத்துக்கு ஒட்டினேனோ அவர் உயரத்துக்கு ஒட்டினேனோ, அதுகூட அப்போது தோன்றவில்லை. வேலை முடிந்ததும், "நல்லா இருக்கு" என்றார். பிரமாதம் என்று சொன்ன அதே குரல்.

மறுநாள் காலை துண்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். தாழ்ப்பாள் போடவில்லை. நான்தான் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், மிதிக்கவில்லை. மிதித்தால் உள்ளே நடப்பது கேட்காது. மாடி வீட்டுக்காரி படியிறங்கி வந்து, "என்ன, இப்பல்லாம் ரேடியோ பாடறதே இல்ல?" என்றாள். "ரிப்பேர்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நின்றது. கை சுவரைத் தட்டியது, ஒரு இடம், இன்னொரு இடம். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார், எப்போதும் போல அதட்டி இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ இரவல் கேட்பது போல.

"கொஞ்சம் வர்றியா? சோப்பு கீழ விழுந்துடுச்சு."

கதவைத் தள்ளினேன். குழாய்க்கு முதுகைக் காட்டி, வெறும் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நான் வந்தது கேட்டதும் இரண்டு கையாலும் தன்னை மறைத்துக்கொண்டார். இத்தனை காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தவளிடம், என்னிடம், வெட்கப்பட்டார். வெள்ளைத் தரையில் சிவப்பு சோப்பு பளிச்சென்று அவர் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்து அலம்பிக் கையில் கொடுத்தேன்.

"வெளிய இருக்கேன், வேணும்னா கூப்பிடுங்க" என்று திரும்பினேன்.

"போகாத" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "வந்ததுதான் வந்துட்ட. முதுகையும் தேய்ச்சு விட்டுட்டுப் போயிடு."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, சிவப்புக் குவளையில் தண்ணீரை மொண்டேன்.